வெள்ளி ராவு ஊசி

மட்டாஞ்சேரியில் சைபு பண்டாரி என்று கேட்டால், கப்பலண்டிமுக்கில் எந்தக் கடைக்காரரும் கையை நீட்டி வழி சொல்லிவிடுவார். கல்யாணங்களுக்கு பிரியாணி வைத்துக் கொடுக்கிறவர்களில் அவனைவிடப் பெயர் பெற்றவர்கள் இருக்கலாம். அவனைவிடக் கவனமானவன் கொச்சியில் இல்லை என்பதில் அவனுடைய அக்கா ஜுமைலாவுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

எத்தனை பேர் உதவிக்கு நின்றாலும், வெங்காயத்தை யார் வதக்கினாலும், உப்புப் போடுவது சைபுதீனின் கை ஒன்றுதான். பிரியாணிச் செம்பு என்பது ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரும் அளவுக்குப் பெரிய பாத்திரம். அதில் தண்ணீர் கொதித்து அரிசி போடுவதற்கு முன்னால் அவன் கரண்டி நுனியை நனைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, ஒரு நொடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு ஒரு கை உப்பு உள்ளே போகும், அல்லது போகாது. அவ்வளவுதான். உதவிக்கு இருக்கும் நௌஷாத் ஒருமுறை அவசரத்தில் தானாக உப்பு அள்ளிவிட்டான். சைபுதீன் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. "டேய், ரெண்டு கை உப்புப் போட்டா செம்பு போச்சு, கேட்டியா? நான் போட்டது உனக்குத் தெரியாது. நீ போட்டது எனக்குத் தெரியாது. போட்டதைத் திருப்பி எடுக்கவும் ஏலாது" என்று மட்டும் சொன்னான். இதை ஜுமைலா எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவாள். தம்பிக்கு அந்த ஒழுங்கு யாரிடமிருந்து வந்தது என்பதையும் அவள் முகமே சொல்லிவிடும்.

அவன் தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தாள். அத்தா பஜாரில் மிளகு மூட்டை தைக்கிற வேலைக்கு விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். ஏழாம் வகுப்போடு ஜுமைலாவின் படிப்பு நின்றது. அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதுதான் அவளுக்கு உத்தியோகம். அவன் ஒல்லிப் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கிப் பார்த்து, "இது நிக்குமா?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் நிற்கவைத்தாள். கப்பைக்கிழங்கும் மீனும், நெய்ச்சோறும், முட்டையும், தன் பங்கில் பாதியும் அவன் வாய்க்குள் போயின. "கண்ணை மூடிக்கோ, வாயைத் திற" என்பாள். அவன் கண்ணை மூடி வாயைத் திறப்பான். என்ன வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பத்து வயதில் தெருவிலேயே கனத்த பிள்ளை அவன்தான். நாற்பத்தெட்டு வயதில் ஆட்டோக்காரர்கள் அவனை நடுவில்தான் உட்காரச் சொல்வார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் வண்டி சாயும். பண்டாரி பருமனாக இருப்பது கல்யாண வீட்டாருக்கும் ஒரு நம்பிக்கை. சமைக்கிறவன் சாப்பிடுகிறான் என்பதைவிட நல்ல சாட்சி என்ன இருக்கிறது?

அந்த உடம்புக்குள் சர்க்கரை எப்போது குடிவந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுப்பில் கால் விரல் சுட்ட ஒரு சின்னப் புண், நோன்பு தொடங்கும்போது வந்தது, ஹஜ்ஜுப் பெருநாள் வரை ஆறவில்லை. ஜுமைலாதான் அவனைத் தேவராவில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இளவயதுப் பெண். ரத்தம் பார்த்தார், எடை பார்த்தார், கால் விரலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"காலையில ஒரு மாத்திரை. அதோட வாரத்துக்கு ஒரே ஒரு ஊசி. சர்க்கரையும் குறையும், எடையும் குறையும். பசி கம்மியாகும், கொஞ்சம் குமட்டும், சில பேருக்கு ஒண்ணு ரெண்டு நாள் சர்த்தி, வாந்தி இருக்கும். சாப்பாடே இறங்கலைன்னா மட்டும் உடனே என்னைக் கூப்பிடணும்" என்றார்.

"எந்த நாள் போடணும், டாக்டரே?" என்று கேட்டாள் ஜுமைலா.

"உங்களுக்கு மறக்காத ஒரு நாள். அது பின்னே மாறக் கூடாது."

அவளுக்கு மறக்காத நாள் எதுவென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வெள்ளி ராவு. அவள் வீட்டில் நாள் பிறப்பது விடியலில் அல்ல, மஃரிபு பாங்கில். வியாழக்கிழமை சூரியன் விழுந்ததும் வெள்ளி தொடங்கிவிடும். அந்த மாலைக்குப் பெயர் வெள்ளி ராவு. அன்று தொழுது, யாஸீன் ஓதி, ஊதுபத்தி அணைவதற்குள் ஊசி. அம்மா மௌத்தான வாரத்திலிருந்து அவள் தவறவிடாத ஓதல் அது. அதன் வாலில் கட்டிவிட்ட ஊசி எப்படித் தவறும்?

ஊசி பேனா வடிவத்தில் இருந்தது. அடிப்பக்கம் திருகினால் அளவு தெரியும். ஒவ்வொரு முறையும் நுனியில் புது ஊசி மாட்ட வேண்டும். நர்ஸ் ஒருமுறை காட்டியதைப் பார்த்து ஜுமைலா மூன்று முறை திருப்பிச் செய்து காட்டினாள். பேனாவைப் பிரிட்ஜின் கதவுத் தட்டில், நாரங்கா ஊறுகாய்க்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள். பழைய ஊசிகளுக்கு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. தொப்புளைச் சுற்றி இந்த வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம். ஆட்டை உரித்துத் தொங்கவிடுகிற சைபுதீனுக்கு அந்த நூலளவு ஊசியைக் கண்டால் நடுக்கம். கண்ணை இறுக மூடிக்கொண்டு சட்டையைத் தூக்குவான்.

"ஆயிடுச்சா அக்கா?"

"எப்பவோ ஆச்சு. கண்ணைத் திற."

"போட்டதே தெரியல. உங்க கைக்கு ஒரு ராசி இருக்கு."

"கைக்கு ராசி இல்லடா. கவனம்."

மாதங்கள் போகப் போக அவன் குறைந்தான். முதலில் வயிறு. பிறகு கழுத்து. விரல் புண் ஆறியது. டாக்டர் முகம் மலர்ந்து, ஊசியின் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டலாம், அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம் என்றார். ஜுமைலா அந்தச் செய்தியைப் பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆனால் பள்ளிவாசலில் ஆட்கள் சைபுதீனின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "என்ன சீக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு கல்யாண வீட்டார் அவன் பார்க்கவே நௌஷாதைத் தனியே கூப்பிட்டு, "உங்க பண்டாரி தேறுவாரா? தேதி ஒத்துக்கலாமா?" என்று விசாரித்தார்கள். கன்னங்கள் வற்றி, சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கிப் பார்த்த அந்த முகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஜுமைலாவுக்கு அது சில நேரம் திக்கென்றிருக்கும். ஆண்டுக்கணக்காகக் கரண்டியால் கட்டியதை ஊசியால் பிரித்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றும். உடனே, ஆறிய விரலை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்வாள்.

ஒரு நாள் அவன் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பசி போயிடுச்சு அக்கா. கோபமா, வருத்தமா தெரியல. வீட்டுல கூட இருந்த ஒரு ஆள் சொல்லாம இறங்கிப் போன மாதிரி இருக்கு."

"போறவன் போகட்டும். சர்க்கரையையும் கூட்டிட்டுப் போறானா, அது போதும்" என்றாள் அவள்.

மாடிப் பகுதிக்கு அந்த வருஷம்தான் சுபாஷிணி குடிவந்திருந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். திருப்பூணித்துறையில் பிறந்து வளர்ந்தவள். முன்பு ஒரு கிளினிக்கில் ஊசி போடுகிற வேலையில் இருந்தவள், இப்போது மருந்துக்கடை ஒன்றில் நிற்கிறாள். மாலையில் அவள் நிலைவிளக்கு ஏற்றும் நேரமும் கீழே ஜுமைலா தொழுவதற்கு முசல்லா விரிக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். ரெண்டு பேருக்கும் தமிழில் பேசக் கிடைத்த பக்கத்து வீடு என்பதால் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.

ஒரு புதன்கிழமை காலை, பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்திலிருந்து போன் வந்தது. ஜுமைலாவின் காலமான கணவருடைய தங்கை படுத்த படுக்கையாகிவிட்டாள்; உடனே வரவேண்டும். சைபுதீனின் மனைவி மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஜுமைலா போய்விட்டால் வீட்டில் அவனும் கல்லூரிக்குப் போகும் மகள் ஹிஸானாவும்தான். ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கல்லில் ஒரு கல்யாணம். அறுநூறு பேருக்கு சைபுதீன்தான் வைக்கவேண்டும். ஜுமைலா பையைத் தூக்கிக்கொண்டு படியேறி மாடிக்குப் போனாள்.

"சுபா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். தம்பிக்கு வெள்ளி ராவு ஊசி. நீ போட்டுடுவியா?"

"இதுக்கு என்னத்துக்கு அக்கா மாடி ஏறினீங்க? கீழ இருந்து கூப்பிட்டா போதாதா? வெள்ளி ராத்திரிதானே, போட்டுடறேன். எத்தனை மணிக்கு?"

"விளக்கு வச்ச உடனே. அவன் பயந்தாங்கொள்ளி, கண்ணை மூடிக்குவான். கேட்டா பதில் வராது. நீ பாட்டுக்குப் போட்டுட்டு வந்துடு."

"உங்க தம்பியா? ஒரு ஆட்டை ஒத்தைக் கையில தூக்குறவர்!"

"ஆட்டுக்குத் தெரியாதில்ல அவன் பயம்" என்று ஜுமைலா சிரித்துக்கொண்டே இறங்கினாள். எந்தப் பக்கம், எந்த அளவு, ஊசி எங்கே, டப்பா எங்கே என்பதையெல்லாம் படியில் நின்றபடி ஒன்றுவிடாமல் மறுபடியும் சொன்னாள். நாளை மட்டும் மறுபடி சொல்லவில்லை. வெள்ளி ராவு என்பதில் விளக்க என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை மஃரிபு முடிந்து யாஸீன் பாதியில் இருக்கும்போது புதுநகரத்தில் அவள் போன் அதிர்ந்தது. ஓதி முடித்துத்தான் எடுத்தாள்.

"அக்கா, மேல இருக்கிற சேச்சி வரலயே" என்றான் சைபுதீன்.

"வரலயா? மேல விளக்கு எரியுதா?"

"எரியுது. பாட்டு கேக்குது."

ஜுமைலாவுக்கு முகம் சுண்டிப்போனது. இவ்வளவு சொல்லியும் மறந்துவிட்டாள். போன் போட்டு நினைவூட்டலாம்தான். ஆனால் ஒரு உபகாரத்தை இரண்டாவது தடவை கேட்பது அவளுக்கு வராது. நம் கை இல்லாவிட்டால் ஒரு காரியமும் நேராக நடக்காது என்ற பழைய எண்ணம், வருத்தத்தோடு கொஞ்சம் திருப்தியாகவும், அவளுக்குள் எழுந்தது.

"விடு. யாரும் வேணாம். ஹிஸானாவைக் கூப்பிடு, வீடியோவில வரச் சொல்லு."

ஜுமைலா மாமி சொல்லச் சொல்ல, ஹிஸானா ஊசியை மாட்டி, பேனாவைத் திருகிப் போட்டாள். போட்டு முடித்ததும் சின்னத் திரையில் சைபுதீனின் மூடிய கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஆயிடுச்சா அக்கா?" என்றான் அவன், மகளைக் கேட்காமல்.

"ஆச்சுடா. கண்ணைத் திற."

சனிக்கிழமை மத்தியானம் ஹிஸானா கூப்பிட்டாள். "மாமி, அத்தா விடிஞ்சதிலிருந்து சர்த்திக்கிறார். தண்ணி கூட நிக்கல."

"ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு அப்படித்தான் மோளே. டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. இஞ்சி தட்டிப் போட்டுக் கொடு."

"இது மாதிரி இதுக்கு முன்ன இருந்ததில்ல மாமி."

"மாத்திரை போட்டானா?"

"போட்டார். போட்டு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மறுபடி சர்த்தி."

"அப்ப செரி. மாத்திரையை மட்டும் விட்றக் கூடாது, கேட்டியா? நாளைக்குக் காலையிலும் ஞாபகமா கொடு."

போனை வைத்த பிறகு ஜுமைலாவின் மனசில் ஏதோ ஒன்று நெருடியது. டாக்டர் சொன்னவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தாள். பசி குறையும், குமட்டும், ஒன்று இரண்டு நாள் சர்த்தி. அதற்குப் பிறகு இன்னொரு வாக்கியம் இருந்தது. பக்கத்து அறையில் கணவரின் தங்கை இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தம் கேட்டது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அந்த வாக்கியம் நினைவுக்கு வருவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை சைபுதீனே பேசினான். குரல் உலர்ந்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. "ஒண்ணுமில்ல அக்கா. நாளைக்கு கல்யாணம் நடக்கும். நீங்க பதறாம வாங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியைப் பிடித்து எர்ணாகுளம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தாள் ஜுமைலா. வீடு பூட்டியிருந்தது. சைபுதீன் விடியலில் சுபுஹு தொழுகை முடிந்ததும் சுள்ளிக்கல்லுக்குப் போயிருப்பான். ஹிஸானா சினேகிதி வீட்டுக்கு. சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, துணி வாளியோடு சுபாஷிணி மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

"வந்தாச்சா அக்கா? எப்படி இருக்காங்க அவங்க?"

"இருக்கா" என்றாள் ஜுமைலா, முகத்தைத் திருப்பாமல்.

"உங்க தம்பி விஷயத்தை நான் மறக்கல கேட்டோ. நீங்க சொன்ன மாதிரியே, விளக்கு வச்ச உடனே வந்து போட்டுட்டேன்."

சாவி துவாரத்துக்குள் பாதி போன நிலையில் நின்றது. "எதைப் போட்டே?"

"ஊசியை. இடப்பக்கம். டப்பாவிலயே ஊசியைப் போட்டு மூடினேன்."

"நீ வரவே இல்லையே சுபா! அவன் எனக்குப் போன் பண்ணினானே. அந்தப் பிள்ளையை வச்சுல்ல போட வச்சேன்!"

"வந்தேனே அக்கா. முந்தாநாள். வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா? வெள்ளி ராவுன்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி."

"வெள்ளி ராவுன்னா வியாழன் சாயங்காலம்டீ!"

"வியாழன் எப்படி அக்கா வெள்ளியாகும்?"

பிறந்ததிலிருந்து ஜுமைலா சொல்லிவந்த சொல். அதற்கு அர்த்தம் சொல்லவேண்டி வந்ததே இல்லை. படியில் வாளியை வைத்துவிட்டு சுபாஷிணி அவளைப் பார்த்த பார்வையில், அந்தச் சொல் முதல் தடவையாக இரண்டாகப் பிளந்து நின்றது.

"அவன் ஒண்ணும் சொல்லலியா? ஏற்கெனவே போட்டாச்சுன்னு சொல்லலியா?"

"இல்லக்கா." சுபாஷிணியின் குரல் இறங்கியது. "ஹிஸானா வீட்டுல இல்ல. இவர்தான், அக்கா சொன்னாங்களான்னு மட்டும் கேட்டார். ஆமாம்னேன். கண்ணை மூடிட்டு சட்டையைத் தூக்கினார்."

சுபாஷிணிதான், மருந்துக்கடையில் நிற்கும்போது வருகிற குரலில் கேட்டாள்: "வேற சர்க்கரை மாத்திரை எடுக்கிறாரா?"

"காலையில ஒண்ணு."

"இன்னைக்கும் போட்டாரா?"

"போடச் சொன்னதே நான்தான்."

"சாப்பிட்டாரா?"

அப்போதுதான் டாக்டரின் அந்தக் கடைசி வாக்கியம் ஜுமைலாவுக்கு முழுசாக நினைவுக்கு வந்தது. சாப்பாடே இறங்கலைன்னா உடனே கூப்பிடணும். அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். நெருப்புப் பக்கத்தில் நிற்கும்போது அவன் போனை எடுப்பதில்லை, அது அவன் வழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுபாஷிணி அதற்குள் தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தியிருந்தாள்.

சுள்ளிக்கல்லுக்கு அதிக தூரமில்லை. ஆனால் அன்று எல்லா வண்டிகளும் அவர்கள் முன்னால்தான் திரும்பின. ஆட்டோவில் நடு இருக்கை காலியாக இருந்தது. ஜுமைலாவும் சுபாஷிணியும் ஆளுக்கொரு ஓரமாக, அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் ஒதுங்கி இருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தின் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட சமையல் இடம். மூன்று அடுப்பு. மூன்று செம்பு. இரண்டில் இறைச்சி மசாலா தயாராகி மூடியிருந்தது. மூன்றாவதில் அரிசித் தண்ணீர் கொதித்து, ஆவி கூரையை முட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் சைபுதீன் நின்றான். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கை நிறைய உப்பு. கை பாத்திரத்துக்கு மேலே நீண்டு, அப்படியே நின்றுவிட்டிருந்தது.

நௌஷாத் ஓடிவந்தான். "இத்தா, நல்லவேளை வந்தீங்க. சைபுக்கா ரொம்ப நேரமா இப்படியே நிக்கிறார். கூப்பிட்டா 'ஓ' ங்கிறார், திரும்ப மாட்டேங்கிறார். நான் தொடப் பயந்துட்டேன். உப்பு விஷயமாச்சே."

"சைபு" என்று கூப்பிட்டாள் ஜுமைலா.

அவன் திரும்பினான். கண் அவளைக் கண்டது. கண்டதை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. உதடு வெளுத்து வெடித்திருந்தது. விரலிடுக்கில் உப்பு மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றான், தூக்கத்தில் பேசுகிற பிள்ளையைப் போல. "நான் உப்புப் போட்டேனா?"

முப்பது வருஷத்தில் அவன் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

அவன் முழங்கால் மடங்கியது அப்போதுதான். கொதிக்கும் தண்ணீரின் பக்கமாகச் சாய்ந்தான். ஜுமைலா அவன் சட்டையை முதுகுப்பக்கம் இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். முந்தைய உடம்பாக இருந்திருந்தால் அவளால் அசைத்திருக்கவே முடியாது. இப்போது அவன் அவள்மேல் வந்து விழுந்தான். அந்த எடையின்மைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. விருந்தாளிகளுக்காக எலுமிச்சை பிழிந்து கலந்து வைத்திருந்த நாரங்கா வெள்ளத்தில் மேலும் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கொட்டிச் சுபாஷிணி எடுத்துவந்தாள். "முழுங்குறாரான்னு பாத்துட்டு, கொஞ்சம் கொஞ்சமா" என்றாள். ஜுமைலா அவன் தலையை மடியில் வைத்து, "வாயைத் திற" என்றாள். திறந்தான். கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஆள் திரும்பியது. உடனே குமட்டி, குடித்ததில் பாதியை வெளியே தள்ளினான்.

மாப்பிள்ளை வீட்டுக் கார் ஒன்றில் அவனைத் தூக்கி வைத்தபோது நௌஷாத் கேட்டான்: "இத்தா, இந்தத் தண்ணியில உப்பு போட்டாச்சா, இல்லையா? எனக்குத் தெரியலயே."

"புறங்கையில விட்டு நக்கிப் பாரு" என்றாள் ஜுமைலா. "உன் கை ஒண்ணு மட்டும் போடட்டும். வேற யாரையும் விடாதே."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மறுபடி இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள். சர்த்தியில் உடம்பு வறண்டு சிறுநீரகத்துக்கும் அடி பட்டிருக்கிறது, கணக்கு நன்றாக இல்லை என்றார்கள். நர்ஸ் கடைசி ஊசி எப்போது என்று கேட்டபோது ஜுமைலா நிதானமாகச் சொன்னாள்: "வியாழக்கிழமை சாயங்காலம் ஒண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒண்ணு." நாக்குக்கு அந்தச் சொற்கள் வேற்று வீட்டுச் செருப்பு மாதிரி இருந்தன.

"மாத்திரையோட வேகம் சீக்கிரம் அடங்கிடும். ஊசிதான் பிரச்சினை" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "வாரக்கணக்குல உடம்புல நிக்கிற மருந்து இது. அதுவரைக்கும் சர்த்தி நிக்கணும், சாப்பாடு இறங்கணும், கிட்னி திரும்பணும். பாத்துட்டே இருக்கணும்."

"இதை முறிக்க ஒரு மருந்து இல்லையா டாக்டரே?"

"இல்ல உம்மா. போட்டதை எடுக்க முடியாது. தானாத்தான் தீரணும்."

இதே வார்த்தையை அவள் எங்கே கேட்டிருக்கிறாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அவன் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவ வந்தப்ப, நேத்தே போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அறிவில்லையா உனக்கு?"

"ஊசியைக் கூட்டணும்னு அந்த டாக்டர் சொல்லியிருந்தாங்கல்ல" என்றான் அவன். "நீங்க சொல்லி அனுப்பினீங்கன்னா காரணம் இருக்கும்னு நெனச்சேன். நீங்க தப்பா செய்வீங்களா அக்கா?"

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். இதற்கு முன்னால் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் பூரித்திருப்பாள்.

சுபாஷிணி தினமும் கடை முடிந்து வந்தாள். வாசல்படியிலேயே நிற்பாள். "உள்ள வாடீ, உன்னை யார் என்ன சொன்னாங்க?" என்று ஜுமைலா கூப்பிட்டால்தான் வருவாள். வந்து கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாதங்கள் லேசாக வீங்கத் தொடங்கியிருந்தன. அதை முதலில் பார்த்தது அவள்தான். ஜுமைலாவிடம் சொல்லவில்லை, போர்வையை இழுத்து மூடினாள். ஜுமைலாவும் பார்த்திருந்தாள், அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த பள்ளியில் மஃரிபு பாங்கு ஒலித்தது. வெள்ளி பிறந்துவிட்டது. ஜுமைலா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடத்தில் தொழுது, தாழ்ந்த குரலில் யாஸீன் ஓதினாள். ஓதி முடித்ததும் கை தன்னாலே எதையோ எடுக்க நீண்டது. எடுக்க ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து கஞ்சி வந்தது. ஐந்து நாளில் அவனுக்குக் கொடுக்கச் சொன்ன முதல் சாப்பாடு. சிறுநீரகக்காரர்களுக்கான கஞ்சி, ஒரு கல் உப்பு இல்லாதது. சூடு பார்ப்பதற்காக ஜுமைலா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வெறும் வெந்நீரைப் போல இருந்தது.

தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவனை நிமிர்த்தினாள். அவன் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டான். நுனியை நனைத்து, ஊசி ஏற்றாத கையின் புறங்கையில் ஒரு சொட்டு விட்டான். நக்கினான். ஒரு நொடி எங்கேயோ பார்த்தான். செம்பின் முன்னால் நிற்கும்போது பார்ப்பானே, அதே பார்வை. ஜுமைலா அவன் முகம் சுளிக்கக் காத்திருந்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"உப்பு சரியா இருக்கு அக்கா" என்றான் சைபுதீன்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அக்கா மனம் நோகக் கூடாதென்று சொல்கிறானா, இல்லை நாக்கு நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறதா? முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உப்பு இல்லையே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கி, கஞ்சியை அள்ளி, ஊதி, நீட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.